பெயிண்டுக்கு முன் சுவர்: வடசென்னை வீடுகளுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளில் பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் ஆடி மாதத்துக்குள் உரிந்து விழுந்தால் பழி டப்பாவின் மேல் விழும், இல்லையென்றால் அடித்தவர் மேல் விழும். உரிந்த சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் வெள்ளை மாவோ, பழைய டிஸ்டம்பரோ (மலிவான தண்ணீர்ப் பெயிண்ட்), பட்டியோ (சுவரை மழமழப்பாக்க இழுக்கும் வெள்ளைக் கலவை), வால்பேப்பர் பசையோ ஒட்டியிருக்கும். அதாவது பெயிண்ட் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, கீழே இருந்த அடுக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்த அடுக்குதான் சுவரை விட்டிருக்கிறது.

இங்கே ஒரு சுவரில் பல வருட அடுக்குகள் இருக்கும். செங்கல், அதன் மேல் சுண்ணாம்புக் காரை அல்லது சிமெண்ட் பூச்சு, வருஷாவருஷம் அடித்த சுண்ணாம்பு, பிறகு டிஸ்டம்பர், பட்டி, எமல்ஷன் என்ற பிளாஸ்டிக் பெயிண்ட், கடைசியில் ஓதம் (சுவர் ஈரம்) தெரியாமல் இருக்க ஒட்டிய வால்பேப்பரோ ஃபோம் ஷீட்டோ. எந்த அடுக்கு பிடி விட்டிருக்கிறது, ஏன் விட்டது என்று கண்டுபிடித்து அதுவரை சுரண்டுவதுதான் தயாரிப்பு வேலை. அதற்கு மேல் என்ன பூசினாலும் அது அந்த அடுக்கோடு சேர்ந்து வந்துவிடும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. நாமோ மார்கழியில் பெயிண்ட் வேலையை ஆரம்பிக்கிறோம், சுவர் ஆண்டிலேயே அதிகமாக ஊறியிருக்கும் நேரத்தில். அந்தக் காலத்தில் பொங்கலுக்கு வெள்ளையடித்தது சரியாக வந்தது, ஏனென்றால் சுண்ணாம்பு ஈரத்தைத் தடுக்காது, உள்ளே இருக்கும் தண்ணீர் அதன் வழியாகவே வெளியேறிவிடும். எமல்ஷனும் பட்டியும் அப்படி எளிதில் விடுவதில்லை, இங்கே விற்கும் வால்பேப்பரில் பெரும்பகுதி விடுவதே இல்லை. முடிந்தால் மாசி முதல் சித்திரை வரை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். பொங்கலுக்கே வேண்டுமென்றால் மேல்மாடி அறையையும் உள்சுவர்களையும் முடியுங்கள், தரைத்தளத்தின் வெளிச்சுவர்களைப் பங்குனிக்குத் தள்ளுங்கள்.

முதலில் நான்கு சோதனை

டப்பா வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். பிளாஸ்டிக் சோதனை தவிர மற்ற மூன்றும் கால் மணி நேரத்தில் முடியும்.

தட்டிப் பார்ப்பது: விரல் முட்டியாலோ கரண்டிக் காம்பாலோ சுவர் முழுக்க ஒரு அடி இடைவெளியில் தட்டுங்கள். கெட்டியான சுவர் 'டக்' என்று மந்தமாகச் சொல்லும். பூச்சு செங்கல்லை விட்டிருந்தால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

துடைத்துப் பார்ப்பது: கறுப்புத் துணியை உள்ளங்கையில் சுற்றி, அழுத்தி ஒரு இழுப்பு. துணி வெளுத்தால் மேலடுக்கு மாவாகிவிட்டது.

டேப் சோதனை: பிளேடால் குறுக்கும் நெடுக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு ஆறு கோடு கீறி, அகலமான டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிடுங்குங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் அந்தப் பழைய பெயிண்டின் மேல் அடிக்கலாம். டேப்போடு வந்தால் எந்த அடுக்கிலிருந்து பிரிந்தது என்று டேப்பில் ஒட்டி வந்த சில்லைப் பாருங்கள்.

பிளாஸ்டிக் சோதனை: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சமையலிலும் துணி காயப்போடுவதிலும் வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, ஐந்தடி உயரத்தில் ஒன்று என்று இரண்டு தாள் ஒட்டினால் ஈரம் கீழிருந்து ஏறுகிறதா, மழை வெளியிலிருந்து அடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அறிகுறி: கீழே மூன்றடி வரை வெள்ளைப் பூ, கொப்பளம், பொரிந்த பட்டி

வடசென்னையில் மிக அதிகமாகக் கெடுவதும், மிக அதிகமாகத் தவறாக மருந்து போடப்படுவதும் இதுதான். எல்லாவற்றிலும் நீளமாக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அது உப்பா பூஞ்சையா என்று பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உப்பு கரைந்து மறையும். பூஞ்சை கரையாது, ஈரமாகி அப்படியே நிற்கும்.

உப்பு எங்கிருந்து வருகிறது? நிலத்தடி நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறுகிறது. ஏறும்போது கரைந்த உப்பையும் தூக்கி வருகிறது. சுமார் மூன்றடியில் ஏறும் வேகமும் காயும் வேகமும் சமமாகி நின்றுவிடும். அந்த எல்லைக்கோட்டில் தண்ணீர் ஆவியாகிவிட உப்பு மட்டும் தங்கும். தங்கிய உப்பு படிகமாகி வளரும்போது பட்டியையும் பூச்சின் மேல்தோலையும் உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. பட்டி தகடாக எழும்புவது இதனால்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருவில் அதே தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரை ஒரு வாரம் பூச்சின் மேல் விட்டிருப்பார்கள். அந்த உப்பு பூச்சுக்குள்ளேயே பிறந்தது. இப்படிப்பட்ட சுவரில் உப்பு மூன்றடியோடு நிற்காமல் திட்டுத் திட்டாக எங்கும் பூக்கும். கலவைக்கும் பட்டிக்கும் குடிக்கிற தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ ஒரு டிரம் தனியாகப் பிடித்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

'ஒழுகவே இல்லை, ஆனால் மழைக்காலத்தில் மட்டும் சுவர் ஈரமாகிறது, வெயிலில் காய்ந்துவிடுகிறது' என்று சொல்லும் வீடுகள் நிறைய. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பேறிய சுவரும் அதையேதான் செய்கிறது. எனவே ஒழுகலை அடைத்த பிறகும் அந்தச் சுவர் ஒவ்வொரு மழைக்கும் நனையும், உப்பேறிய பூச்சை எடுக்கும்வரை.

செய்ய வேண்டியது இது.

1. ஈரம் எங்கிருந்து வருகிறதோ அதை முதலில் நிறுத்துங்கள். வெளியே தெரு உயர்ந்து உயர்ந்து வீட்டுத் தளத்துக்கு மேலே வந்திருக்கிறதா, சுவரை ஒட்டி மண்ணோ குப்பையோ குவிந்திருக்கிறதா, துணி துவைக்கும் கல்லின் தண்ணீர் சுவரடியில் நிற்கிறதா, பக்கத்து வீட்டுக் குளியலறை பொதுச்சுவரில் இருக்கிறதா, எல்லாவற்றையும் பாருங்கள்.

2. காய்ந்த நிலையிலேயே உப்பைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தட்டி, தாளில் சேர்த்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்த உப்பு மறுபடி சுவருக்குள் போய்விடும். ஆசிட் ஊற்றவே கூடாது. அது சுண்ணாம்பையும் சிமெண்டையும் அரித்து, குளோரைடு உப்பைப் புதிதாகச் சேர்த்துவிட்டுப் போகும்.

3. பூச்சு மாவாக உதிர்ந்தாலோ தட்டினால் பொள்ளலாகக் கேட்டாலோ செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். உப்பு தெரியும் கோட்டிலிருந்து ஒரு அடி மேலே வரை கொத்த வேண்டும். செங்கல் இணைப்புகளையும் அரை அங்குலம் சுரண்டி ஆழப்படுத்துங்கள்.

4. திறந்த செங்கல்லைக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் எல்லாம் வீணாகும் கட்டம் இதுதான். ஊறிய சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. 9 அங்குலச் சுவருக்கு முழுக் கணக்கும் பார்க்க முடியாது, ஆனால் கோடையில் ஆறு வாரமாவது மின்விசிறி போட்டுத் திறந்து வையுங்கள். இடையில் பூக்கும் உப்பை வாரம் ஒருமுறை தட்டி எடுங்கள். பூப்பது குறைந்துகொண்டே வந்தால் வழி சரி.

5. பிறகு பூச்சு. சிமெண்ட் வீடாக இருந்தால் 1 பங்கு சிமெண்ட், 4 பங்கு சலித்த பூச்சு மணல், 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி நீர்த்தடுப்புத் திரவம், 12 மில்லிமீட்டர் கனம். 7 நாள் நல்ல தண்ணீர் விட்டு, அதற்குப் பிறகு காயவிட்டு, பூசிய நாளிலிருந்து 28 நாள் கழித்துத்தான் பட்டி.

தரை ஈரம் நிற்காத சுவருக்குத் தரைமட்டத்திலிருந்து அரை அடி உயரத்தில் 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, ஈரம் ஏறுவதைத் தடுக்கும் சிலேன் க்ரீம் செலுத்தும் முறை இருக்கிறது. தெரிந்தவர் செய்தால் பலன் தரும். பூச்சைக் கொத்தாமல் துளை மட்டும் போட்டால் பழைய உப்பு உள்ளேயே இருக்கும்.

ஒப்பந்தம் பேசும்போது இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "மேஸ்திரி, உப்பு பூத்த இடத்துல மேலாகச் சுரண்டிட்டு பட்டி இழுக்க வேணாம். பூச்சைக் கொத்திடுங்க, நாள் எத்தனை ஆனாலும் சரி." சொல்லாவிட்டால் அவர் சதுர அடிக்கணக்கில் வேகமாக முடிப்பார், அதில் அவர்மேல் தப்பும் இல்லை.

அறிகுறி: பழைய ஓட்டு வீடு அல்லது மெட்ராஸ் டெரஸ் வீடு (மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தளம்), எத்தனை முறை பட்டி பார்த்தாலும் பெயர்கிறது

ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. அதைச் சுற்றியும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. இந்தச் சுவரை அடையாளம் காண்பது எளிது. ஆணியால் கீறினால் மெத்தென்று இறங்கி வெளிர் தூள் வரும், தூளில் செங்கல் பொடியின் சிவப்பு தெரியலாம். சிமெண்ட் பூச்சில் ஆணி கிறீச்சிட்டு வழுக்கும்.

காரைச் சுவரின் மேல் சிமெண்ட் பூசுவதும் சிமெண்ட் பட்டி பார்ப்பதும் பெரும் தவறு. கீழே இருப்பது மென்மையானது, ஈரத்தை விடுவது. மேலே போடுவது கடினமானது, ஈரத்தை அடைப்பது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி, காரை கூழாகி, மேலே உள்ள கடினமான ஓடு முழுத் தகடாக விழும். விழும்போது நூறு வருடக் காரையையும் இழுத்துக்கொண்டு போகும்.

பெயர்ந்த இடத்தைக் காரையாலேயே நிரப்புங்கள். ஊறி நீர்த்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. சுவரை நனைத்துவிட்டு அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் போடாமல், மணியாஸ்கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டை) தேய்த்து அழுத்துங்கள். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான், எனவே வாரக்கணக்கில் ஆகும். மேலே சுண்ணாம்போ ஈரம் விடும் மினரல் வகைப் பெயிண்டோ அடியுங்கள். மழமழப்பான எமல்ஷன் வேண்டுமென்று ஆசைப்பட்டால் அந்த வீட்டின் உள்சுவர் ஒன்றில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வால்பேப்பர் ஒட்டிய சுவர், ஓரம் கிளம்பியிருக்கிறது, நடுவில் உப்பியிருக்கிறது

'கிழிக்காமல் மேலேயே பெயிண்ட் அடித்துவிடலாமா?' என்பதுதான் எல்லோரும் கேட்பது. மூன்று நிபந்தனையும் பொருந்தினால் மட்டும் அடிக்கலாம்: தாள் காகிதமாக இருக்க வேண்டும், ஓரம் முதல் ஓரம் வரை கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும், சுவர் பிளாஸ்டிக் சோதனையில் காய்ந்ததாகத் தேற வேண்டும். தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உறிஞ்சிக் கருத்தால் காகிதம், உருண்டு நின்றால் வினைல். இங்கே விற்பதில் பெரும்பகுதி வினைல்தான், அதன் மேல் எமல்ஷன் தோலாக உரியும்.

மூன்றும் பொருந்தினால் ஒரு மூலையில் இரண்டடி இடத்தில் அடித்து ஒரு நாள் விடுங்கள். ஈரத்தில் தாள் விரிவதால் முதலில் குமிழி எழும். காய்ந்ததும் அது தானே அமர்ந்துவிட்டால் பயமில்லை. அமராத குமிழியைப் பிளேடால் பெருக்கல் குறிபோலக் கீறி, உள்ளே பசை தடவி, உருளையால் அழுத்துங்கள். அச்சு மை பெயிண்டின் மேல் ஊறி வந்தால் தண்ணீர் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிக்கோட்) அதைத் தடுக்காது. டர்பன்டைனில் கலக்கும் பிரைமர் ஒரு கோட் அடியுங்கள்.

மற்ற எல்லாச் சுவரிலும் கிழிக்க வேண்டியதுதான். வேலைக்கு முன் அந்த அறையின் மின்சாரத்தை மெயினில் அணைத்து, சுவிட்ச் பலகை மூடிகளைக் கழற்றுங்கள். தண்ணீர் சுவரோடு வழிந்து உள்ளே போகும். பழைய வீட்டு வயரிங்கை நம்பாதீர்கள்.

மேல் வினைல் தோலைக் காய்ந்த நிலையிலேயே மூலையிலிருந்து மெதுவாக, சுவரோடு ஒட்டினாற்போல் கீழ்நோக்கி இழுத்தால் பெரும்பாலும் முழுத்துண்டாக வரும். நேர் எதிராக இழுத்தால் பட்டியும் சேர்ந்து வரும். பிறகு அடிக்காகிதம் மட்டும் மிஞ்சும். ஒரு பக்கெட் கைபொறுக்கும் சுடுதண்ணீரில் ஒரு மூடி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பஞ்சு உருளையால் நனைத்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, மறுபடி நனைத்து, அகலமான பட்டித்தகட்டைச் சுவரோடு படுக்கவைத்துத் தள்ளுங்கள். தகட்டை நிமிர்த்திப் பிடித்தால் பட்டியில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தை அடைக்க மறுபடி ஒரு நாள். ஒரே நேரத்தில் நாலடிக்கு மேல் நனைக்காதீர்கள்.

தாள் போன பிறகும் பசை இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பசையின் மேல் அடித்த பெயிண்ட் ஒரு மழைக்காலத்தில் முதலைத் தோல் போல வெடிக்கும், ஏனென்றால் பசை ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, பெயிண்டையும் இழுக்கிறது. மாவுப் பசையைக் கண்டுபிடிக்க மருந்துக்கடை டிஞ்சர் அயோடினை நாலு பங்கு தண்ணீரில் கலந்து பஞ்சால் தொட்டுப் பாருங்கள். நீலக் கறுப்பானால் மாவு இருக்கிறது. (காயத்துக்குப் போட்ட டிஞ்சர் கஞ்சி போட்ட வேட்டியில் பட்டால் வரும் அதே நிறம்.) வேறு வகைப் பசை நிறம் மாறாது. அதற்குக் கைதான் சோதனை: சுவரை நனைத்து விரலால் தேயுங்கள், வழுவழுவென்று இருந்தால் பசை. சுடுதண்ணீரும் ஸ்பாஞ்சுமாக, தண்ணீரை அடிக்கடி மாற்றி, வழுவழுப்பு போகும்வரை கழுவுங்கள். இரண்டு நாள் காயவிட்டு, டர்பன்டைனில் கலக்கும் பிரைமர் அடித்தால் மிச்சமிருக்கும் பசையும் அடைபடும்.

பின்புறம் ஒட்டுள்ள ஸ்டிக்கர் தாளும் செங்கல் வடிவ ஃபோம் ஷீட்டும் வேறு ரகம். அவற்றின் பசைக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. முடி உலர்த்தியால் ஒரு கை அகலம் சூடாக்கி, இளகியதும் இழுங்கள். மிஞ்சும் பிசினைத் துணியில் மினரல் டர்பன்டைன் தொட்டுத் துடைக்கலாம், ஜன்னலைத் திறந்து, அடுப்பும் சாமி விளக்கும் அணைத்த பிறகு. பட்டியோடு வந்துவிட்டால் வருத்தப்படாதீர்கள், அந்தப் பட்டி எப்படியும் நிற்கப்போவதில்லை. ஃபோம் ஷீட்டின் பின்னால் பெரும்பாலும் கறுத்துப் பூஞ்சை பிடித்திருக்கும். மூக்கை மூடிக்கொண்டு கிழியுங்கள்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் சுவரின் சிறு குறைகளை மறைக்க லைனிங் பேப்பர் என்ற வெறும் தாளை ஒட்டி அதன் மேல் பெயிண்ட் அடிப்பார்கள். காணொளி பார்த்து இங்கே கேட்பவர்கள் இருக்கிறார்கள். மேல்மாடியில் காய்ந்த உள்சுவருக்கு அது பொருந்தும். ஒட்டி இரண்டு நாள் காயவிட்டு, முதல் கோட்டைத் தண்ணீர் கலந்து நீர்க்க அடித்து, இணைப்பில் இடைவெளி தெரிந்தால் மெல்லிய மக்கு (சிறு பள்ளத்தை அடைக்கும் கூழ்) வைத்துத் தேய்த்துவிட்டு, அடுத்த கோட் அடிக்க வேண்டும். தரைத்தளத்தில் வேண்டாம். காகிதமும் பசையும் பூஞ்சைக்குச் சாப்பாடு.

அறிகுறி: கையில் மாவு ஒட்டுகிறது

பழைய சுண்ணாம்பும் மலிவு டிஸ்டம்பரும் இப்படித்தான் மாவாகும். பிரைமர் இதைக் கெட்டியாக்கிவிடும் என்று நம்பி மேலேயே அடித்தால் பிரைமர் மாவைத்தான் பிடிக்கும். சுவரை நனைத்துச் சுரண்டி, ஸ்பாஞ்சால் கழுவி, கறுப்புத் துணி சோதனையை மறுபடி செய்யுங்கள். லேசாக மட்டும் வெளுத்தால் அன்று மாலை வேண்டாம், மறுநாள் காய்ந்ததும் பிரைமரை நீர்க்கக் கலந்து ஒரு கோட் உறிஞ்சவிட்டு, பிறகு டப்பாவில் சொன்ன அளவில் இரண்டாவது கோட்.

அறிகுறி: பட்டி தகடு தகடாக வருகிறது, கீழே பூச்சு கெட்டியாகவே இருக்கிறது

உப்பு இல்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்று. தூசி துடைக்காமல் இழுத்திருக்கிறார்கள், காய்ந்த சுவரை நனைக்காமல் சிமெண்ட் பட்டி போட்டதால் சுவர் தண்ணீரை உறிஞ்சி பட்டி இறுகாமலே காய்ந்திருக்கிறது, அல்லது மேடுபள்ளத்தை மறைக்கக் கனமாக அப்பியிருக்கிறார்கள். எந்த வகைப் பட்டி என்று தெரிய நனைத்துத் தேயுங்கள். அக்ரிலிக் பட்டி வெண்ணெய்போல இளகும், சிமெண்ட் பட்டி இளகாது. தரைத்தளத்திலும் குளியலறைச் சுவரின் மறுபக்கத்திலும் அக்ரிலிக் பட்டி வேண்டாம்.

புதிதாகப் போடும்போது: 40 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் சுமார் 15 லிட்டர். பட்டியைத் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள், தண்ணீரைப் பட்டியில் ஊற்றினால் கட்டி தட்டும். இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் அளவு மட்டும் கலக்குங்கள். இறுக ஆரம்பித்ததில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கியதுதான் பின்னால் மாவாக உதிரும். சுவரை லேசாக நனைத்து, முதல் கோட்டைக் கீழிருந்து மேலாக இழுத்து, காய்ந்ததும் தூசி துடைத்து இரண்டாவது. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் பள்ளம் இருந்தால் அது பூச்சு வேலை, பட்டி வேலை அல்ல.

10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு ஜன்னல் போக 400 என்று வையுங்கள். சமமான சுவரில் இரண்டு கோட்டுக்கு ஒரு கிலோ பட்டி 12 முதல் 20 சதுர அடி வரும், எனவே ஒரு மூட்டை போதும். இரண்டாவது மூட்டை கேட்கிறார்கள் என்றால் சுவரின் மேல் ரசமட்டத்தைச் சாய்த்துவைத்து எங்கே பள்ளம் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

உப்புத்தாள் தேய்க்கும்போது முதலில் 120 எண் தாள், முடிவுக்கு அதைவிட நைசான 220. பழைய வீட்டில் எண்ணெய் பெயிண்ட் இருந்தால், முக்கியமாக சுவரின் கீழ்ப்பாதியில் அடித்த எனாமல், உலரத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலின் தூசு குழந்தைகளுக்கு விஷம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்து எடுங்கள், பிள்ளைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள்.

அறிகுறி: வெடிப்பு

நூலிழை வெடிப்பு வலைபோலப் பரவியிருந்தால் பூச்சு சீக்கிரம் காய்ந்த குறை. தேய்த்துவிட்டு பட்டி போதும். ஒரு நூல் வரை, அதாவது 3 மில்லிமீட்டர் வரை, அகலமிருந்தால் 'வி' வடிவில் கீறி அகலப்படுத்தி, தூசி ஊதி, கிராக் ஃபில்லரை இரண்டு தடவையாக நிரப்புங்கள். கீறாமல் மேலே தடவினால் அது வெடிப்பின் மேல் ஒட்டிய பிளாஸ்திரிதான்.

பீமும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக ஓடும் வெடிப்பு எத்தனை முறை அடைத்தாலும் வரும். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. பக்கத்துக்கு மூன்று அங்குலம் பூச்சை எடுத்து, கோழி வலை அடித்துப் பூசுங்கள். சிறிதாக இருந்தால் இழுபடும் அக்ரிலிக் சீலன்ட்.

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோலச் சாய்ந்து ஏறும் வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டினால் பெயிண்டரை நிறுத்தி, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கூரையில் நேர்கோடாகப் பழுப்பு நிறம் தெரிந்து, தட்டினால் பொள்ளலாகக் கேட்டாலும் அப்படியே. உள்ளே கம்பி துருப்பிடித்து, தன் பருமன் கூடி, கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உப்புக்காற்று இதைச் சீக்கிரப்படுத்தும். அதன் கீழே படுக்கையைப் போட வேண்டாம், பட்டி பார்த்து மறைக்கவும் வேண்டாம்.

அறிகுறி: கறுப்பு

கறுப்பு பூஞ்சையாகவும் இருக்கலாம், எண்ணூர், மணலி பக்கம் ஜன்னலோரம் படியும் கரித்தூசியாகவும் இருக்கலாம். ஒரு சொட்டு பிளீச் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். வெளுத்தால் பூஞ்சை, வெளுக்காவிட்டால் கரி. கரிக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பூஞ்சைக்கு ஒரு பங்கு பிளீச், மூன்று பங்கு தண்ணீர், கையுறை போட்டுத் தடவி கால் மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். கழிவறை ஆசிட்டோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், ஒரே பக்கெட்டில்கூட வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்காவிட்டால் அதன் முதுகில் மறுபடி வரும்.

அறிகுறி: பழுப்புக் கறை, எண்ணெய்க் கோடு

மழை ஒழுகிக் காய்ந்த மஞ்சள் வளையம், சமையலறைப் புகை, சாய்ந்து உட்கார்ந்த இடத்துத் தலையெண்ணெய்: எல்லாமே தண்ணீர்ப் பெயிண்டைத் துளைத்து மேலே வரும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, டர்பன்டைனில் கலக்கும் பிரைமர் அடித்தால் நிற்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தது. அந்தக் கறுப்புக் கோடு உள்ள சுவர்களுக்கு மேலே சொன்னது போதாது. எண்ணெய் பூச்சுக்குள் இறங்கியிருந்தால் எந்தப் பட்டியும் ஒட்டாது. ஒரு மூலையில் அரை அங்குலம் கொத்தி உள்ளே முகர்ந்து பாருங்கள். வாடையடித்தால் கோட்டுக்கு ஒரு அடி மேலே வரை பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசுங்கள். வாடை மேலே மட்டும் என்றால் டிகிரீசரால் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம்) தேய்த்து, துணியில் ஒற்றியெடுத்து, சாக்கடையில் விடாமல் அந்தத் துணிகளைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பிரைமர் அடித்த பிறகு

பிரைமர் காய்ந்ததும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து நடங்கள். பகலில் தெரியாத மேடு, உப்புத்தாள் கோடு, அடைபடாத ஊசித்துளை எல்லாம் நிழலாக எழும்பும். பென்சிலால் குறித்து, மறுநாள் மக்கு வைத்து 220-ல் தேய்த்து, அந்த இடங்களுக்கு மட்டும் பிரைமரைத் தொட்டுவிடுங்கள். தொடாமல் விட்டால் மக்கு வைத்த இடம் பெயிண்டைக் கூடுதலாக உறிஞ்சி, இரண்டு கோட்டுக்குப் பிறகும் வட்டம் வட்டமாக மங்கித் தெரியும். திட்டுத் திட்டாகப் பிரைமர் கருத்தே நின்றால் அங்கே ஈரம் இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டி ஒரு நாள் பாருங்கள், பெயிண்ட் டப்பாவை அதுவரை திறக்காதீர்கள்.